பாகம் பிரித்த வண்டி

புளியங்காம்பாளையத்தில் அறிவு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே அறிவு நிறைய உண்டு. யாரும் எடுத்துப் புழங்காததால் எல்லாம் புதுசாகவே இருக்கிறது. அந்த ஊரில் ஒரு பழைய வேனில் மஞ்சளும் தேங்காயும் ஏற்றிப் பிழைத்த பெரியவர் ஒருவர், சாகிற நேரத்தில் பிள்ளைகளைக் கூப்பிட்டு இரண்டே விஷயம் சொன்னார். வண்டியை விற்கக் கூடாது. சண்டை போடாமல் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இன்னும் ஒரு நிமிஷம் இருந்து எப்படிப் பிரிப்பது என்றும் சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இருந்திருக்காது.

பிள்ளைகள் ஐந்து பேர். மூத்தவர் சென்னியப்பன், அடுத்தவர் அர்த்தநாரி, மூன்றாமவர் நாச்சிமுத்து, நாலாவதாக ஒரே பெண் பாவாயி. கடைக்குட்டி குழந்தைவேல். பாடெல்லாம் பட்டது கடைக்குட்டிதான் என்பதால் நாமும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வோம்.

கருமாதி முடிந்த மறுநாள் ஐந்து பேரும் வண்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு சக்கரம், பாவாயிக்கு ஸ்டெப்னி என்றார் அர்த்தநாரி. நல்ல யோசனைதான். ஆனால் வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்த நாச்சிமுத்து தலையை ஆட்டினார். எஞ்சினிலிருந்து ஒரு நீளத் தண்டு பின்பக்கம் போகிறதாம். அது சுற்றினால் பின்சக்கரம் இரண்டும் சுற்றுமாம். முன்சக்கரம் இரண்டும் ஒரு வேலையும் செய்யாமல் சும்மா கூட ஓடுகிறதாம். அப்படியானால் இரண்டு பேருக்கு உழைக்கிற சக்கரம், இரண்டு பேருக்குச் சோம்பேறிச் சக்கரம். இது சமம் ஆகாது.

அப்போதுதான் சென்னியப்பன் கியர்த்தண்டின் குமிழைப் பார்த்தார். அதன் தலையில் கோடு போட்டு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதி, ஓரத்தில் ஒரு இங்கிலீஷ் எழுத்தும் இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்பன் ஏற்கெனவே பிரிச்சு வெச்சுட்டுத்தான் போயிருக்கறாரு. பாருங்க, வரப்புப் போட்டு, நம்பரும் போட்டு வெச்சிருக்கறாரு."

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். உண்மைதான், வயல் வரைபடம் போலவே இருந்தது. ஃபர்ஸ்ட் கியர் சென்னியப்பனுக்கு, செகண்ட் அர்த்தநாரிக்கு, தேர்டு நாச்சிமுத்துவுக்கு, டாப் கியர் குழந்தைவேலுக்கு. ஓரத்து எழுத்து ரிவர்ஸ் கியருக்கு. பெண் என்பவள் பிறந்த வீட்டுக்குத் திரும்பித் திரும்பி வருகிறவள், ஆகவே அது பாவாயிக்கு. நடுவிலே எந்தக் கியரிலும் சேராத நியூட்ரல், கிணற்றுக்குப் போகிற தடம் மாதிரி எல்லாருக்கும் பொது. ஸ்டியரிங், பிரேக், ஆரன் மூன்றும் பொது. ஒரு வாய்ச்சண்டை கூட இல்லாமல் பாகப்பிரிவினை முடிந்தது.

அன்றையிலிருந்து அவரவர் கியரை அவரவர்தான் ஓட்டினார்கள். சென்னியப்பன் ஏறி ஃபர்ஸ்ட் கியரில் நூறடி ஓட்டி, நிறுத்தி, இறங்குவார். அர்த்தநாரி ஏறி, நின்ற வண்டியைச் செகண்ட் கியரில் கிளப்புவார். வண்டி முனகிக்கொண்டு கிளம்பும். அவர் நிறுத்தி இறங்க, நாச்சிமுத்து ஏறுவார். தேர்டு கியரில் வண்டி ஆடு மாதிரி நாலு துள்ளு துள்ளும், கருகின நாற்றம் அடிக்கும், எப்படியோ நகரும். அவரும் நிறுத்தி இறங்கினால் குழந்தைவேலின் முறை. அவன் சாமி கும்பிட்டு உட்கார்ந்து, டாப் கியரைப் போட்டுக் கிளட்சை விடுவான். வண்டி ஒரே ஒரு தரம் இருமும். அப்புறம் செத்துப்போகும். மறுபடி சென்னியப்பன் வந்து ஃபர்ஸ்டில் எடுக்க வேண்டியதுதான்.

இரண்டு வருஷமாக டாப் கியரில் வண்டி ஒரு முழம் நகரவில்லை. அண்ணன்மாரெல்லாம் விளைகிற நிலத்தை எடுத்துக்கொண்டு தனக்குக் களர் நிலத்தைத் தள்ளிவிட்டார்கள் என்று குழந்தைவேல் மனசுக்குள் அழுதான். வெளியே சொல்லவில்லை. சாயங்காலமானால் நின்ற வண்டியில் ஏறி, பொதுவான நியூட்ரலில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பி மனசை ஆற்றிக்கொள்வான்.

கிளட்ச் பிளேட் மூன்று தடவை கருகிப்போனது. மூன்று தடவையும் மாற்றிக் கொடுத்தவர் டவுன் மெக்கானிக் காதர் பாய். பொறுமைசாலி. கியர்ப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஐந்து பேருக்கும் பாடமே எடுத்தார். சின்னப் பல்சக்கரம் பல தரம் சுற்றிப் பெரிய பல்சக்கரத்தை ஒரு தரம் சுற்ற வைத்தால் பலம் கூடும், வேகம் குறையும். அது ஃபர்ஸ்ட் கியர். டாப்பில் வேகம் உண்டு, பலம் கிடையாது. ஓடுகிற வண்டியை ஓட்டிக்கொண்டு போகுமே தவிர, நிற்கிற வண்டியைக் கிளப்பாது. இருக்கிறதிலேயே பலசாலி ரிவர்ஸ்தான். கிளட்ச் என்பது எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் சேர்த்துப் பிரிக்கிற இடம்; பாதி சேர்ந்தும் பாதி சேராமலும் தேய்த்துக்கொண்டே ஓட்டினால் கருகத்தான் செய்யும். எல்லாரும் பக்தியோடு கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் பாய் கும்பிட்டே சொன்னார், இனிமேல் கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டாதீர்கள் என்று.

அன்றையிலிருந்து அவர்கள் கிளட்ச் மேல் காலே வைக்கவில்லை. யார் ஓட்டினாலும் நாச்சிமுத்து காலடியில் குந்திக்கொண்டு இரண்டு கையாலும் கிளட்சை அழுத்தினார். அவர் முறை வந்தால் அர்த்தநாரி குந்துவார். கையை வைக்கக் கூடாது என்று பாய் சொல்லவில்லையே.

இந்த லட்சணத்தில் ஒருநாள் சந்தைப்பேட்டை வாசலில் வண்டி வழக்கம்போல டாப் கியரில் இருமிச் செத்தது. பின்னால் சைக்கிளில் வந்த ஒரு பெண் காலை ஊன்றி நின்று பார்த்தாள். கரட்டுமேட்டு அங்கமுத்துவின் மகள், பேர் பூங்கோதை. அங்கமுத்து முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகளுக்கும் பதினெட்டு வயசிலேயே ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"ஏனுங்க, நிக்கற வண்டிய டாப்புல எடுத்தா எப்படிங்க கெளம்பும்?" என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

குழந்தைவேல் அன்று சோறு தின்னவில்லை. இரண்டு வருஷத்தில் அவன் பங்கைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்தவர் யாருண்டு? கூடப் பிறந்தவர்களுக்கே இல்லாத அக்கறை அவளுக்கு இருந்தது. கட்டினால் பூங்கோதையைத்தான் கட்டுவேன் என்று பாவாயியிடம் சொல்லிவிட்டான். அவனுக்கு அவள்மேல் அவ்வளவு ஆசை வந்துவிட்டது, அதை மறைக்கவும் அவனுக்குத் தெரியவில்லை.

பெண் கேட்டுப் போனபோது அங்கமுத்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார். சீர் வேண்டாம், செனத்தி வேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்குப் பிறக்கிறது. அதற்குள் பையன் தன் வீட்டிலிருந்து தானே வண்டியை ஓட்டிக்கொண்டு, நடுவில் எங்கும் இறங்காமல், கரட்டுமேட்டில் அங்கமுத்துவின் வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஸ்டியரிங்கை விட்டு இறங்கினால் ஞாயிற்றுக்கிழமை வேறு இடத்திலிருந்து பெண் கேட்டு வருகிறார்கள், அவர்களுக்குச் சரி சொல்லிவிடுவார்.

வீட்டுக்கு வந்ததும் ஆலோசனை நடந்தது. குழந்தைவேல் தன் கியரில் மட்டும்தான் ஓட்டலாம். அவன் கியரோ கிளம்பாது. ஃபர்ஸ்டை ஒரு நாளைக்கு இரவல் கொடுத்தால் என்ன என்று அவன் மெதுவாகக் கேட்டுப் பார்த்தான்.

"கொடுக்கறதுக்கு எனக்கு மனசுதான் கண்ணு," என்றார் சென்னியப்பன். "ஆனா அப்பன் எனக்குன்னு விட்டதுல நீ ஒருநா பாத்தியம் கொண்டாடிட்டா, நாளைக்கு என் புள்ளைகளுக்கும் உன் புள்ளைகளுக்கும் கோர்ட்டு கேசு வந்துருமே. உன்ர நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அர்த்தநாரிக்கு ஒரு வழி தோன்றியது. நியூட்ரல் பொது. தள்ளுவது யார் பங்கிலும் சேராது. ஊர் எல்லையில் பாலம் வரைக்கும் சரிவு இருக்கிறது. சரிவின் உச்சி வரைக்கும் தள்ளிவிட்டால் நியூட்ரலில் உருண்டே பாலம் வரைக்கும் போகலாம். அதற்கப்புறம் எட்டு மைல் இருக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு யோசனை போதாதா?

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குக் குழந்தைவேல் வேட்டி சட்டையோடு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். காலடியில் நாச்சிமுத்து. பின்னால் இரண்டு அண்ணன்மாரும், பழத்தட்டோடு பாவாயியும். ஊர்க்காரர்கள் சரிவு வரைக்கும் தள்ளிவிட்டார்கள். வண்டி உருண்டது. உருள உருள வேகம் பிடித்தது. பாதிச் சரிவில் குழந்தைவேலுக்கு ஆசை தாங்கவில்லை. எப்படியும் பாலத்தில் நின்றுவிடப் போகிறது, அதற்குள் நம் பங்கை ஒரு தடவை தொட்டுப் பார்ப்போம் என்று நினைத்தான். சாவியைத் திருப்பி, அண்ணனைக் கிளட்சை அழுத்தச் சொல்லி, டாப் கியரைப் போட்டான்.

அந்த நேரம் பார்த்து நாச்சிமுத்துவின் கழுத்தில் ஒரு கட்டெறும்பு கடித்தது. அவர் கிளட்சை விட்டுவிட்டுக் கழுத்தைத் தட்டினார். அடியில் தண்டு டங்கென்று சத்தம் போட்டது. உருள்கிற சக்கரம் எஞ்சினைச் சுற்றிவிட, எஞ்சின் உயிர் பெற்று உறுமியது. பாலம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

டாப் கியர் ஓடியது. குழந்தைவேல் அழுதுகொண்டே ஓட்டினான். அவன் பங்கு களர் அல்ல. இரண்டு வருஷம் தரிசாகக் கிடந்த நல்ல நிலம். எதிரில் வந்த கோழி, எருமை, எருமைக்காரர் எல்லாரும் வேலியில் ஏறிக்கொண்டார்கள். காலடியில் நாச்சிமுத்து, கட்டெறும்புக்கு வாழ்நாள் முழுக்கச் சர்க்கரை வைப்பதாக நேர்ந்துகொண்டார்.

எட்டு மைலும் சமவெளி. ஆனால் அங்கமுத்துவின் வீடு குன்று மாதிரி எழும்பிய கரட்டின் உச்சியில். அடிவாரத்திலிருந்து நேரே செங்குத்தாக ஏறுகிற பாதை. வண்டி அதில் ஐம்பதடி ஏறியது, டக்டக்கென்று முட்டியது, பெருமூச்சு விட்டது, நின்றுவிட்டது. பாய் சொன்னதுதான், வேகம் உண்டு, பலம் கிடையாது. நியூட்ரலில் பின்னாலேயே உருண்டு அடிவாரத்துக்கு வந்து நின்றார்கள். மணி பத்து.

மேடேறத் தள்ளிவிடச் சுற்றிலும் ஆள் இல்லை. இறங்கினால் கல்யாணம் இல்லை. குழந்தைவேல் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு கரட்டு உச்சியைப் பார்த்தான். வாசலில் வெள்ளைத் துண்டு ஒன்று அசைந்தது. அங்கமுத்து கையில் கடிகாரத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

அண்ணன்மார் விவாதித்தார்கள். கரட்டைக் கொஞ்சம் வெட்டிச் சமமாக்கினால் என்ன என்றார் அர்த்தநாரி. அரைமணி நேரத்துக்குள் ஆகாது என்று கணக்குப் போட்டார் நாச்சிமுத்து, ஒரு மணி நேரமாவது வேண்டுமாம். பெண்ணை இறங்கி வரச் சொல்லலாமா என்றார் சென்னியப்பன். பெண்ணைப் பெற்றவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று முடிவாயிற்று. மணி பத்தே கால் ஆகிவிட்டது.

பழத்தட்டை மடியில் வைத்திருந்த பாவாயி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"இரவல்னாத்தானே கேசு வரும். நான் சீராவே கொடுத்தர்றேன். தம்பி கண்ணாலத்துக்கு அக்கா சீரு, ரிவர்ஸ் கியரு. எடுத்துக்கடா சாமி."

மூன்று அண்ணன்மாரும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு பெண்பிள்ளை தன் அப்பன் சொத்து முழுக்கத் தம்பிக்குத் தாரை வார்ப்பது சாதாரணமா? நாச்சிமுத்து தட்டிலிருந்து சொம்பை எடுத்துக் கியர்த்தண்டின் மேல் தண்ணீர் விட்டுத் தாரையும் வார்த்தார்.

வண்டியைத் தள்ளித் திருப்பி, முதுகை மேட்டுக்கும் முகத்தை ஊருக்கும் காட்டி நிறுத்தினார்கள். குழந்தைவேல் ரிவர்ஸைப் போட்டான். இருக்கிறதிலேயே பலசாலி அல்லவா? வண்டி ஆனை மாதிரி அசைந்து பின்னாலேயே மேடு ஏறியது. பாரம் குறையட்டும் என்று சென்னியப்பனும் அர்த்தநாரியும் பாவாயியும் இறங்கி நடந்தார்கள். நாலடி போனதும் சென்னியப்பன் நின்றுவிட்டார்.

"வண்டி பின்னால போகுது. நாம முன்னால நடந்தா ஆளுக்கொரு தெசையில பிரிஞ்சு போயிருவோம்," என்றார்.

அதனால் மூன்று பேரும் முதுகை மேட்டுக்குக் காட்டிப் பின்னாலேயே நடந்தார்கள்.

உச்சியில் நின்ற அங்கமுத்து கையைப் புருவத்துக்கு வைத்துப் பார்த்தார். வண்டியின் முதுகு தெரிந்தது. மூன்று பேருடைய முதுகு தெரிந்தது. அவருக்குத் திக்கென்றது. வந்தவர்கள் வாசலுக்குக்கூட வராமல் கோபித்துக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். ஒரே ஒரு சந்தேகம்தான் அவரைக் குடைந்தது. போகிறவர்கள் போகப் போகச் சின்னதாகத் தெரிய வேண்டும். இவர்கள் போகப் போகப் பெரியதாகிக்கொண்டே போகிறார்கள். முப்பது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு புறப்பாட்டை அவர் பார்த்ததில்லை. போகாதீங்க, போகாதீங்க என்று கத்திக்கொண்டே ஓடி வந்தவர் வண்டியின் பின்பக்கத்தில் முட்டிக்கொண்டார். வண்டியும் வாசலில் நின்றது. மணி பத்து இருபத்தெட்டு.

இத்தனை செங்குத்தான பாதையைப் பின்னாலேயே ஏறி வந்தவன் சாமானியமான டிரைவர் அல்ல என்பது அங்கமுத்துவுக்கு உடனே புரிந்துவிட்டது. பெண்ணைக் கொடுக்கச் சம்மதம் என்று அங்கேயே கையடித்துச் சொன்னார். மேட்டில் நிறுத்துகிற வண்டியைக் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல்லும் வைக்க வேண்டும் என்று மாப்பிள்ளைக்கு ஒரு புத்தியும் சொன்னார். நிலைப்படியில் நின்ற பூங்கோதைக்கு மட்டும் ஒரு கேள்வி இருந்தது.

"ஃபர்ஸ்ட்ல போட்டு நேரா வந்திருக்கலாமல்லங்க?"

"அது பெரியண்ணனோடதுங்க," என்றான் குழந்தைவேல்.

உள்ளே போய்ச் சிரிக்க ஆரம்பித்தவள் சாயங்காலம்வரை சிரித்துக்கொண்டே இருந்தாளாம். இப்படி ஒருத்தன் வீட்டில் இருந்தால் ஆயுசுக்கும் பொழுது போகும் என்று அம்மாவிடம் சொல்லிச் சம்மதித்துவிட்டாள்.

ஊருக்குத் திரும்பிய பிறகுதான் பாவாயிக்குத் துக்கம் வந்தது. ஐந்து பேரில் அவளுக்கு மட்டும் இப்போது வண்டியில் பங்கே இல்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன்மாருக்கு மனசு பொறுக்கவில்லை. பொதுவில் கிடந்த நியூட்ரலை அவளுக்கே எழுதிக் கொடுத்தார்கள். எதற்கும் உதவாத துண்டு, அதில் போட்டால் வண்டி ஓடவா போகிறது என்று அர்த்தநாரி மற்றவர்கள் காதில் சொன்னார்.

அங்கேதான் தப்புப் பண்ணினார்கள். ஒரு கியரிலிருந்து இன்னொரு கியருக்குப் போக வேண்டுமானால் நியூட்ரலைத் தாண்டித்தான் போக வேண்டும். வேறு வழி கிடையாது. ஒவ்வொரு தடவையும் வண்டியை நிறுத்தி, அம்மிணி, தடம் விடு என்று கேட்க வேண்டியதாயிற்று. பாவாயிக்கு மனசு சரியில்லாத நாளில் வண்டி ஃபர்ஸ்டிலேயே சந்தைக்குப் போய் ஃபர்ஸ்டிலேயே திரும்பும்.

அடுத்த மாதம் கரட்டுமேட்டில் கல்யாணம் நடந்தது. மத்தியானம் பெண்ணை அழைத்துக்கொண்டு புறப்படுகிற நேரம். வாசலில் வண்டி நின்றது. மாமனார் சொன்னபடி ரிவர்ஸ் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, முகத்தைச் சரிவுக்குக் காட்டி நிறுத்தியிருந்தார்கள். கை பிரேக் அப்பன் காலத்திலேயே அறுந்து போனது. பூங்கோதை ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். குழந்தைவேல் சாவியைத் திருப்பி வைத்துவிட்டு, மாமனார் காலில் விழ இறங்கினான். புறப்படுகிற வண்டிக்குக் கல் தடையாக இருந்தால் சகுனம் சரியில்லை என்று சென்னியப்பன் கல்லை எடுத்துத் தூரப் போட்டார்.

அப்போது பாவாயி வழியை மறித்தாள். நாத்தனார் வழி மறிப்பது முறைதான். நிலைப்படியில் மறிப்பார்கள், இவள் தன் சொத்தில் மறித்தாள். டிரைவர் பக்கத்துக் கதவில் கையை விட்டுக் கியர்த்தண்டைப் பிடித்துக்கொண்டாள். பிறக்கப் போகிற பெண்ணைத் தன் மகனுக்குக் கட்டிக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்தால்தான் தடம் விடுவாளாம். எல்லாரும் பூங்கோதையைப் பார்த்தார்கள். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சரிங்கண்ணி என்றாள்.

பாவாயி சந்தோஷமாகத் தண்டை இழுத்து நியூட்ரலில் விட்டாள். வண்டி தலையை ஆட்டிக்கொண்டு தானாகவே கிளம்பிச் சரிவில் உருண்டது. உள்ளே பூங்கோதை மட்டும்.

அங்கமுத்து அலறினார். தாவி ஓடப் பார்த்த குழந்தைவேலின் வேட்டியைச் சென்னியப்பன் எட்டிப் பிடித்தார். "நில்லு கண்ணு. அது இப்ப நியூட்ரல்ல போகுது. தங்கச்சி பங்குல நாம காலை வெக்கக் கூடாது."

"விடுண்ணா, உள்ள என் பொண்டாட்டி இருக்கறா."

"யாரும் நிறுத்தாதீங்க," என்றாள் பாவாயி. அவள் முகம் பூரித்துப் போயிருந்தது. "ஓடாது ஓடாதுன்னீங்க. என் பங்கு எப்படி ஓடுது பாருங்க."

பாதிச் சரிவில் பூங்கோதை டிரைவர் சீட்டுக்கு நகர்ந்தது தெரிந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தாள். கிளட்சைக் காலால் மிதித்தாள். பாய் சொன்னதை அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லையே என்று நாச்சிமுத்து தலையில் கை வைத்தார். ஒரு புளியமரத்துக்குப் பக்கத்தில் டாப் கியர் விழுந்தது. அடித்தண்டு டங்கென்றது. எஞ்சின் உறுமியது. வண்டி அடிவாரத்தைத் தாண்டி, ஆரன் அடித்துக்கொண்டு, புழுதி பறக்கப் புளியங்காம்பாளையத்தைப் பார்த்துப் போய்விட்டது.

குழந்தைவேலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றான்.

"அக்கா, உன் பங்கு அந்த மரத்தோட முடிஞ்சு போச்சு. இப்ப ஓடறது என்னோடது."

"மரத்தைத் தாண்டியும் நாலடி என்னதுலதான்டா போச்சு," என்றாள் பாவாயி.

மரம்தான் எல்லையா, நாலடி தள்ளியா என்று பொழுது சாய்கிறவரை பேசினார்கள். மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையும், சம்பந்தி வீட்டுப் பெரியவர்களும் கயிறு பிடித்து அளந்தார்கள். இன்றைக்கும் நீங்கள் கரட்டுமேட்டுக்குப் போனால் பாதிச் சரிவில், புளியமரத்திலிருந்து சரியாக இரண்டடி கீழே, சுண்ணாம்பு அடித்த எல்லைக்கல் ஒன்று நட்டிருக்கும். கல்லுக்கு மேலே பாவாயி, கீழே குழந்தைவேல். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த புதுப்பெண் மட்டும் அன்று தனக்குத் தானே ஆரத்தி எடுத்துக்கொண்டு, வலது காலை வைத்து உள்ளே போனாளாம்.